குழலில் குறையா? முதலில் அளவு, பிறகே அரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேட்டைத் துப்பாக்கியின் குழல் பிளந்தது என்று செய்தி வரும்போதெல்லாம், 'உற்பத்திக் கோளாறு' என்றோ 'கையாண்டவரின் கவனக்குறைவு' என்றோ ஒரே சொல்லில் விஷயம் முடிந்துவிடுகிறது. குழல் எந்த இடத்தில் பிளந்தது என்று ஒரு வரி சேர்த்தாலே விவரம் தெரிந்தவர்களுக்குப் பாதிக் காரணம் புரிந்துவிடும். துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். உண்மையாகவே தொழிற்சாலையில் நேர்ந்த குறையாக இருந்தாலும் அதை நிரூபிக்க முடியாமல் போவது பெரும்பாலும் சொந்தக்காரர் அவசரப்பட்டு எமரித் தாளையும் அரத்தையும் எடுப்பதால்தான்.

'புரூஃப் முத்திரை இருக்கிறதே, அப்புறம் என்ன குறை?' இதுதான் விற்றவர் தரப்பிலிருந்து வரும் முதல் பதில். வழக்கமான தோட்டாவைவிட ஏறக்குறைய 25 முதல் 30 விழுக்காடு கூடுதல் அழுத்தம் தரும் சோதனைத் தோட்டாவை அந்தக் குழலில் வெடித்துப் பார்த்தார்கள், குழல் தாங்கியது என்பதற்கான அடையாளம் அந்த முத்திரை. லண்டனில் 1637-இல் சாசனம் பெற்ற துப்பாக்கித் தொழிலாளர் கூட்டமைப்பும், 1813-இல் சட்டத்தின் வழியே ஏற்பட்ட பர்மிங்காம் சோதனைக்கூடமும் தொடங்கி, 1914-இல் உருவான சி.ஐ.பி. என்ற பன்னாட்டு அமைப்பின் கீழுள்ள கூடங்கள் வரை செய்வது இதைத்தான். சி.ஐ.பி. விதிப்படி 12 போரின் (போர் என்பது குழல் துளையின் அளவைக் குறிக்கும் எண்; எண் கூடினால் துளை சிறிது) சாதாரணத் தோட்டாவுக்கு 740 பார் (அழுத்தத்தின் அலகு), வீரியம் கூடிய தோட்டாவுக்கு 1050 பார் என்பது வரம்பு. இரண்டாவது வகைக்கான குழலை 1370 பாரில் சோதிக்கிறார்கள். அமெரிக்காவில் அரசு சோதனைக்கூடம் என்று எதுவும் கிடையாது, தயாரிப்பாளரே சோதித்துத் தம் முத்திரையைக் குத்திக்கொள்கிறார். எங்கே குத்தினாலும் முத்திரை என்பது வலிமைக்கான சான்று மட்டுமே. சோக் (ரவை சிதறாமல் இருக்கக் குழல் வாயில் வைக்கும் குறுகல்) நடுவில் உட்கார்ந்திருக்கிறதா, இரண்டு குழலும் ஒரே இடத்தில் ரவையை (தோட்டாவிலுள்ள சிறு குண்டுகளை) போடுகின்றனவா, குரோம் பூச்சு நிலைக்குமா என்பதற்கெல்லாம் அது பொறுப்பேற்பதில்லை.

இனி, பிளந்த இடம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். தோட்டா அறையிலேயே, பின்முனையிலிருந்து முதல் ஏழெட்டு செ.மீ.க்குள் பிளந்திருந்தால், மிகையாக மருந்திட்ட தோட்டாவையும் எஃகின் தரத்தையும் சந்தேகிக்க வேண்டும். அறைக்குச் சற்று முன்னால், முன்கட்டையைப் பிடிக்கும் கைக்கு நேராக வெடித்திருந்தால் முதலில் தேட வேண்டியது 20 போர் தோட்டாவை. அது 12 போர் அறைக்குள் வழுக்கி முன்னே போய், அதன் விளிம்பு துளை குறுகும் இடத்தில் சிக்கி நிற்கும். பின்னால் 12 போர் தோட்டா எந்தத் தடையும் இல்லாமல் ஏறிவிடும். 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுப்பது இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான். குழல் வாயருகே வெடித்தால் சேறு, பனிக்கட்டி, உள்ளே மறந்துபோன துணி என்று ஏதோ ஓர் அடைப்பு. நடுக்குழலில் சுற்றிலும் வளையம்போலப் புடைத்திருந்தால், முந்தைய தோட்டா வீரியமில்லாமல் வெடித்து அதன் வாட் (மருந்துக்கும் ரவைக்கும் நடுவே உள்ள அடைப்பு) உள்ளேயே தங்கியிருக்கும்.

அடைப்பு என்றால் குழல் சுற்றளவு முழுக்கப் புடைக்கும். எஃகுக்குள்ளேயே கசடோ மடிப்போ இருந்தால், பெரிதாகப் புடைக்காமல் நீளவாக்கில் ஒரு கோடாகப் பிளக்கும். பிளவின் முகத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஒரு பகுதி கருத்துத் துருவேறியும் மற்றது சாம்பல் நிறத்தில் புதுசாகவும் இருந்தால், அந்தக் கருத்த பகுதி முன்பே விரிசல் கண்டிருந்தது என்று பொருள். அந்த முகத்தைத் துணியால்கூடத் துடைக்கக் கூடாது. வழக்குக்குச் சாட்சி அதுதான்.

வெடிக்கும் அளவுக்குப் போகும் குறைகள் அரிது. அடிக்கடி வருபவை வேறு: சுட்ட கூடு வெளியே வர மறுக்கிறது, ரவை ஒரு பக்கமாக விழுகிறது, ரிப் (குழலின் மேல் நீளவாக்கில் ஒட்டிய பட்டை) ஆடுகிறது, பூச்சு உரிகிறது. இவற்றைப் பற்றிப் புகார் சொன்னால், 'ரெண்டு பெட்டி சுட்டால் பழகிவிடும்' என்று அனுப்பிவைப்பார்கள். புதுத் துப்பாக்கியில் கீல் இறுக்கமும் பூட்டு இறுக்கமும் சுடச் சுடத் தளரும், அது உண்மை. வளைந்த குழலும் சாய்ந்த மரையும் சுட்டால் நிமிராது.

சோதிக்கும் முன் துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துகொண்டு, குழலை உடலிலிருந்து கழற்றிவிடுங்கள். பூட்டிய துப்பாக்கியின் வாயில் கண்ணை வைப்பது எந்தச் சோதனையிலும் தேவைப்படாது. அடுத்தது சுத்தம். பிளாஸ்டிக் வாட் உருகி ஒட்டிய படலம் உள்ளே வளையம் வளையமாகவும், ஈயப் பூச்சு கோடு கோடாகவும் தெரியும். குழி, கீறல், உரிந்த குரோம் என்று வரும் புகார்களில் கணிசமானவை இந்த அழுக்குதான். கரைப்பானை ஊற்றிக் கால் மணி நேரம் ஊறவிட்டு, வெண்கலத் தூரிகையை அறைப்பக்கத்திலிருந்து வாய்ப்பக்கமாகத் தள்ளி, வெள்ளைத் துணி வெள்ளையாகவே வெளியே வரும்வரை துடையுங்கள். இரும்புத் தூரிகையும் உப்புத்தாளும் வேண்டவே வேண்டாம். நீங்கள் போட்ட கீறலும் தொழிற்சாலை போட்ட கீறலும் கலந்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது.

நேராக இருக்கிறதா என்று பார்க்க எந்திரம் தேவையில்லை. குழலை வெளிச்சமான ஜன்னலை நோக்கிப் பிடித்து, ஜன்னலின் குறுக்குச் சட்டம் துளையின் மேற்பாதியில் தெரியும்படி வைத்துப் பின்முனை வழியாகப் பாருங்கள். சட்டத்தின் நிழல் துளையின் அடிச்சுவரில் கத்திமுனைபோல நீண்டு விழும். அதன் ஓரங்கள் இரண்டும் ஒரே கோடாக ஓடினால் குழல் நேர். நடுவில் எங்காவது ஓரம் நெளிந்தால் வளைவு அந்த இடத்தில். குழலைக் கால் சுற்றுச் சுற்றாகத் திருப்பி நான்கு முறை பாருங்கள். புடைப்பும் நசுங்கலும் இருந்தால் அந்த இடத்தில் நிழல் வளையமாக உடையும். அதே இடத்தில் வெளியே ஓர் எஃகு அளவுகோலின் விளிம்பை வைத்தால் அது ஆடும், அல்லது கீழே வெளிச்சம் கசியும்.

சுவரின் கனத்தை அதற்கென்றே உள்ள நீண்ட கை கொண்ட கேஜால் அளக்க வேண்டும். வெர்னியர் காலிப்பர் வாயருகே சில செ.மீ.க்கு மேல் எட்டாது. 5 செ.மீ.க்கு ஓர் இடம், ஒவ்வோர் இடத்திலும் நான்கு பக்கம் என்று எண்களை எழுதிக்கொள்ளுங்கள். இரட்டைக் குழலில் ரிப் மறைக்கும் பக்கம் விட்டுப்போகும், பரவாயில்லை. ஒரே இடத்தில் ஒரு பக்கம் 0.9 மி.மீ., எதிர்ப்பக்கம் 0.6 மி.மீ. என்று வந்தால் துளையின் மையம் 0.15 மி.மீ. விலகியிருக்கிறது. ஆழத் துளையிடும்போது துரப்பணம் ஒரு பக்கமாக நழுவி, பிறகு வெளிப்புறத்தைத் துளையோடு ஒத்துப்பார்க்காமல் கடைந்தால் இப்படி ஆகும். மெல்லிய குழல்களில் அரை மி.மீ.தான் கடைசி வரம்பு என்பது தொழிலில் நெடுங்காலமாக இருக்கும் வழக்கம். புதுக் குழலில் எந்த இடத்திலாவது அதன் அருகே எண் வந்தால் சமாதானப் பேச்சே வேண்டாம், திருப்பிக் கொடுக்க வேண்டும்.

கழற்றி மாட்டும் சோக் வந்த பிறகுதான் தொழிற்சாலைக் குறைகளில் பெரும்பகுதி குழல் வாய்க்கு இடம் மாறியது. சோக் உட்கார வாயை அகட்டி மரை வெட்ட வேண்டும். வெட்டும் கருவி துளையின் மையத்தைப் பிடிக்காமல் குழலின் வெளிச்சுற்றைப் பிடித்து ஓடினால், மரை துளைக்குச் சாய்வாக அமையும். 5 செ.மீ. நீளச் சோக்கில் 0.1 மி.மீ. சாய்வு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதே சாய்வை 36.5 மீட்டருக்கு நீட்டினால், கணக்குப்படி 7.3 செ.மீ. விலகல். 0.4 மி.மீ. சாய்ந்தால் ஏறக்குறைய 30 செ.மீ. பறவை தப்பிக்க அது போதும்.

இதைவிட ஆபத்தானது சோக்கின் உள்விளிம்பு துளைக்குள் நீட்டிக்கொண்டிருப்பது. சோக்கின் பின்முனை விட்டம் குழலின் துளையைவிட மயிரிழையாவது பெரிதாக இருக்க வேண்டும். அப்போதுதான் ரவை விளிம்பில் மோதாமல் உள்ளே நுழையும். ஒரு பக்கம் சாய்ந்து விளிம்பு துளைக்குள் நீட்டினால், வேகமாக வரும் ரவையும் வாட்டும் அதில் இடித்து, சோக்கை உரித்து, குழல் வாயையும் சேர்த்து விரித்துவிடும். சோதனை எளிது. ஒரு மரக்கோலின் நுனியில் பஞ்சைத் தளர்வாகச் சுற்றி, பின்முனையிலிருந்து வாயை நோக்கி மெதுவாகத் தள்ளுங்கள். சோக் தொடங்கும் இடத்தில் பஞ்சு இழைகள் ஒரு பக்கம் மட்டும் சிக்கி நின்றால் அந்தப் பக்கம் விளிம்பு நீட்டியிருக்கிறது. பிறகு அதே அளவுள்ள வேறு சோக்கை மாட்டிப் பாருங்கள். குறை சோக்கோடு போய்விட்டால் சோக்கை மாற்றினால் போதும். அதே பக்கத்தில் மறுபடியும் சிக்கினால் குறை குழலின் மரையில். அந்தக் குழலை அதன் பிறகு சுடக் கூடாது. ஒன்று மட்டும் எச்சரிக்கை: இறுக்கமான சோக்கில் கடினமான இரும்பு ரவையைச் சுட்டதால் வாய் புடைத்தால் அது தொழிற்சாலைக் குறை ஆகாது. குழலில் அதற்கான முத்திரையும் சோக்கில் அதற்கான குறியும் இருக்கின்றனவா என்று புகாருக்கு முன் பார்த்துவிடுங்கள்.

ரவை ஒரு பக்கமாக விழுகிறது என்ற புகாரை நிரூபிக்கக் காகிதம்தான் வழி. வாசலிலேயே வாதாடி யாரும் ஜெயித்ததில்லை. 1.2 மீட்டர் சதுரக் காகிதத்தின் நடுவே ஒரு கரும்புள்ளி, தூரம் 36.5 மீட்டர், அதாவது பழைய கணக்கில் 40 கஜம். குழலை நேரடியாகத் தாங்கியில் வைக்காமல், முன்கட்டையைப் பிடித்த கையைத் தாங்கியில் வைத்து நிதானமாகக் குறிபார்த்துச் சுட வேண்டும். ஒரு குழலுக்குக் குறைந்தது ஐந்து தோட்டா, ஒவ்வொன்றுக்கும் தனிக் காகிதம், எல்லாம் ஒரே பெட்டியிலிருந்து. ரவை அடர்ந்து விழுந்த இடத்தைச் சுற்றி 76 செ.மீ. வட்டம் போட்டு, அதன் மையம் கரும்புள்ளியிலிருந்து எத்தனை செ.மீ. எந்தத் திசையில் என்று எழுதுங்கள். சுடாத ஒரு தோட்டாவைப் பிரித்து ரவையை எண்ணிக்கொண்டால் வட்டத்துக்குள் விழுந்தவை எத்தனை விழுக்காடு என்பதும் கிடைக்கும். முழு சோக்குக்கு 70, அரை சோக்குக்கு 60, கால் சோக்குக்கு 55, சோக் இல்லாத குழலுக்கு 40 என்பது மரபான கணக்கு. ஒவ்வொரு வெடியிலும் சில விழுக்காடு ஏறி இறங்குவது இயல்பு, அதற்காகப் புகார் எழுத வேண்டாம்.

இங்கே ஒரு கேள்வி தவறாமல் எழும்: குறிமணியை (குறிபார்க்கக் குழல் வாயின் மேலுள்ள சிறு மணியை) கோணலாகப் பொருத்தியிருப்பார்களோ? கண்ணுக்கும் குறிமணிக்கும் ஏறக்குறைய ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டால், மணி 1 மி.மீ. விலகினால் 36.5 மீட்டரில் 3.65 செ.மீ. தான். 30 செ.மீ. தவறுக்கு மணி 8 மி.மீ. விலகியிருக்க வேண்டும். அவ்வளவு கோணலைப் பார்வையிழந்தவரும் தடவிச் சொல்லிவிடுவார். ஆனால் இதே கணக்கு கண்ணுக்கும் பொருந்தும். தோளில் அணைக்கும் கட்டை உடம்புக்குப் பொருந்தாமல் கண் 5 மி.மீ. இடப்பக்கம் நின்றால் ரவை 18 செ.மீ. இடப்பக்கம் போகும். ஆகவே உடல்வாகு வேறான இரண்டு பேர் சுட வேண்டும். இரட்டைக் குழல் துப்பாக்கியில் இரண்டும் ஒரே திசையில் ஒரே அளவு விலகினால் முதல் சந்தேகம் கட்டைமேலும் கண்மேலும். ஒன்று நேராகவும் மற்றது விலகியும் விழுந்தால் குறை குழலில். குழல் ஆறியிருக்கும்போது முதல் மூன்று காகிதமும், தொடர்ந்து சுட்டுக் கை சுடும்போது அடுத்த மூன்றும் வெவ்வேறு இடம் காட்டினால், குழலைக் குளிர்நிலையில் அடித்து நிமிர்த்தியிருக்கிறார்கள், உள்ளே தங்கிய இறுக்கம் சூட்டில் வெளிப்படுகிறது என்று எண்ண இடமுண்டு. ரிப்பின் பற்று ஒருபுறம் இழுப்பதாகவும் இருக்கலாம்.

சுட்ட கூடு அறையில் இறுகிக்கொள்வதற்கு முதலில் தோட்டாவையே மாற்றிப் பாருங்கள். மலிவான இரும்பு அடிகொண்ட கூடுகள் பித்தளை அடிபோல விரிந்து சுருங்காது. எந்தத் தோட்டாவிலும் அதே தொல்லை என்றால், ஐந்து தோட்டாவின் அடியில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு, கோடு மேலே நிற்கும்படி அறையில் வைத்துச் சுடுங்கள். எடுத்த கூடுகளை வரிசையாக நிறுத்தினால், கீறலோ வீக்கமோ எல்லாவற்றிலும் கோட்டிலிருந்து ஒரே தொலைவில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஒரே தொலைவு என்றால் அது அறையின் சுவரில் ரீமர் (அறையைக் குடைந்து அளவாக்கும் கருவி) விட்ட தடம். இடம் மாறி மாறி வந்தால் தோட்டாதான் காரணம். அறை நீளத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டியில் 70 மி.மீ. என்று போட்டிருப்பது வெடித்து விரிந்த கூட்டின் நீளம். மடித்த நிலையில் அது அதைவிடச் சிறிது, அதனால் 65 மி.மீ. அறையிலும் சிரமமில்லாமல் நுழைந்துவிடும். வெடிக்கும்போது அறையில் இடமில்லாமல், கூட்டின் வாய் துளை குறுகும் பகுதிக்குள் விரிந்து அழுத்தத்தை ஏற்றும். இதுவும் துப்பாக்கியின் குறை ஆகாது.

ரிப்பைச் சோதிக்கக் காது போதும். முன்கட்டையைக் கழற்றி, குழல்களை அடிக்கொக்கியில் (குழலை உடலோடு பூட்டும் கீழ்ப்புறக் கொக்கியில்) ஒரு நூல் கட்டித் தொங்கவிட்டு, விரல் மூட்டால் தட்டுங்கள். மணிபோல ஒலி நீண்டால் நலம். உடைந்த பானைபோல 'டொக்'கென்று நின்றாலோ, ஒலியோடு ஓர் அதிர்வு சேர்ந்து கரகரத்தாலோ ஈயப்பற்று எங்கோ விட்டிருக்கிறது. அந்த இடைவெளியில் ஈரம் புகுந்து ரிப்பின் அடியில் குழலைத் துரு அரிக்கும். வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். இதற்குப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தால் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: ஈயப்பற்று வைத்த குழலைச் சூடான காரக் கரைசலில் முக்கி நீலமேற்ற (எஃகுக்குக் கருநீல மேற்பூச்சுக் கொடுக்க) கூடாது. அந்தக் கரைசல் பற்றையும் தின்று, ரிப்பின் அடியிலும் தங்கிவிடும். மெதுவாகத் துருவேற்றி எடுக்கும் பழைய முறைதான் அதற்கு ஏற்றது.

கீறலா விரிசலா என்ற ஐயத்துக்கு வெல்டிங் பட்டறைகளில் புழங்கும் சாய ஊடுருவல் சோதனை இருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைத்து, சிவப்புச் சாயத்தைத் தெளித்து, பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, கரைப்பான் நனைத்த துணியால் துடைத்தெடுக்க வேண்டும். கரைப்பானை நேராகக் குழலில் பீய்ச்சினால் விரிசலுக்குள் போன சாயமும் கழுவிப் போய்விடும். மேலே வெள்ளைப் பொடியைத் தெளித்தால், விரிசலிலிருந்து சிவப்புக் கோடு மெல்லக் கசிந்து வரும். அறை வாய், கூடு இழுப்பான் வெட்டு, அடிக்கொக்கி இணைப்பு, சோக் மரை ஆகிய இடங்களில் கவனமாகப் பாருங்கள். கோடு தெரிந்தால் அந்தக் குழலின் ஆயுள் முடிந்தது. பற்றவைத்து அடைத்துத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். அந்தச் சூடு சுற்றியுள்ள எஃகின் தன்மையையே மாற்றிவிடும்.

புகார்க் கடிதத்தில் கோபம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. குழலின் வரிசை எண், முத்திரைகளின் படம், வாங்கிய ரசீது, இதுவரை சுட்ட தோட்டாக்களின் எண்ணிக்கையும் வகையும், பெட்டியில் அச்சான தொகுதி எண், குறையின் இடம் ஆகியவை இருந்தால் போதும். இடத்தைச் சொல்லும்போது 'முன்பக்கம் கொஞ்சம் தள்ளி' என்று எழுதாமல், 'பின்முனையிலிருந்து 214 மி.மீ., பின்னாலிருந்து பார்க்கையில் 4 மணிப் பக்கம்' என்று எழுதுங்கள். காகிதங்களையும் கூடுகளையும் அந்தப் பெட்டியில் மிஞ்சிய தோட்டாக்களையும் உங்களிடமே வைத்துக்கொண்டு, படங்களை மட்டும் அனுப்புங்கள். பதில் வரும்வரை சோக்கை அகட்டுவது, அறையை மெருகேற்றுவது, குழலை வெட்டிக் குறைப்பது எதுவும் வேண்டாம். உத்தரவாதம் போவது ஒருபுறம் இருக்க, துளை ஓர் எல்லைக்கு மேல் அகன்றால் புரூஃப் முத்திரையே செல்லாமல் போகும்.

எதற்குப் பழுது, எதற்கு மாற்று என்பதிலும் விட்டுக்கொடுக்கக் கூடாது. ரிப் பற்று, அறையின் ரீமர் தடம், தவறான சோக் ஆகியவற்றைச் சரிசெய்து தரலாம். விரிசல், சுவர்க்கனக் குறைவு, சாய்ந்த மரை, உரியும் குரோம் ஆகியவற்றுக்கு மாற்றுக் குழல்தான். குரோமுக்கு ஒட்டுப்போட முடியாது. பல நாடுகளில் குழல் சட்டப்படி கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பாகம். எண் மாறினால் உரிமத்திலும் மாற்ற வேண்டும், அனுப்புவதும் பெறுவதும் உரிமம் பெற்ற வணிகர் வழியாகத்தான். வேலை தொடங்குமுன் இதை உரிமம் வழங்கும் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

மாற்றுக் குழல் வந்து சேர்ந்ததும் முத்திரை புதிதாக இடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பழைய குழலின் முத்திரை இதற்குப் பேசாது. பிறகு உடலோடு பொருத்தி, முன்கட்டை இல்லாமல் மூடி, குழலைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். சிறு 'டிக்' ஒலிகூடக் கேட்கக் கூடாது. கேட்டால், தொழிற்சாலையில் உங்கள் துப்பாக்கியின் உடலை வைத்துப் பார்க்காமலேயே குழலை அனுப்பியிருக்கிறார்கள். அடுத்த முறை அனுப்பும்போது குழலோடு உடலையும் சேர்த்து அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
துப்பாக்கிப் பழுதுநீக்கும் தொழிலில் உள்ள வாசகர்கள்